எண்ணெயில் இறங்காத கொக்கிகள்

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பதினாலாம் தேதி காலை ஏழு இருபதுக்குப் பட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் ஆளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கிரேன் மேடையில் உன் அத்தான். கீழே சங்கிலி மாட்டுகிற குட்டை (ஆறடி உயரம், பெயர் மட்டும் அப்படி). பல்சக்கரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபிட்டர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். கதவருகே ஸ்டோர்க்காரர். ஆக ஐந்து பேர். மேனேஜர் இல்லை. பாதுகாப்பு அதிகாரி இல்லை. இல்லாத அந்த இரண்டு பேரும்தான் நேரில் பார்த்தது போல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நாலு டன் பெட்டி. பத்து டன் தாங்கும் என்று சொல்லி வாங்கிய கொக்கி. அன்று காலை வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். பெட்டி இடுப்பு உயரம் வந்ததும் கொக்கி படீரென்று இரண்டாகிவிட்டது. குட்டையின் வலது கால் பெட்டிக்கு அடியில். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஓட்டுநர் அளவுக்கு மேல் பாரம் ஏற்றி உலுக்கித் தூக்கினார், அதனால் உடைந்தது என்கிறான் மேனேஜர். உன் அத்தானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் பதினெட்டு விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலையும் போகும், போலீஸ் கேஸும் வரும். பதினோரு வருஷமாக அவர் தினமும் வீட்டுக்கு வந்ததும் அன்று தூக்கிய எடைகளைச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். வேறு பேச்சு அவருக்கு வராது. அந்த நோட்டில் ஒரு நாள்கூட அளவு மீறியதில்லை. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "வீட்டுக் கணக்கெல்லாம் இங்க எடுபடாதும்மா" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

நீ உலோகம் படித்தவன், உலையடியில் வேலை பார்க்கிறவன். பத்து டன் கொக்கி நாலு டன்னுக்கு ஏன் உடையும்? சொல். உன் மனைவியும் பெண்கள் இருவரும் சுகந்தானே? உனக்குச் சளி விட்டதா? காலைப் பிரார்த்தனையில் உங்கள் நாலு பேரையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து நெஞ்சு பதறிவிட்டது. உடனே கிளம்பி வரலாமென்றால் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். எனக்குச் சளி போய்விட்டது, சின்னவளுக்கு ஒட்டிக்கொண்டது. மற்றபடி சௌக்கியம்.

அத்தான் மேல் தப்பிருக்காது, எழுதி வைத்துக்கொள். நல்ல கொக்கி சொல்லாமல் உடையாது அக்கா. பாரம் தாங்காவிட்டால் முதலில் அதன் வாய் விரியும். பார்ப்பவன் சுதாரித்து ஒதுங்கட்டும் என்றே அப்படிச் செய்வது. உடைந்த முகமும் நார்நாராக, மங்கலாக இருக்கும். வாய் துளிகூட விரியாமல், உடைந்த முகம் சர்க்கரை கொட்டினது போல மினுமினுவென்று இருந்தால், பாரத்தின் மேல் குற்றமில்லை. இரும்பிலேயே கோளாறு.

எப்படியாவது ஸ்டோருக்குள் போய் அதைப் பார்த்துவிடு. நீ போனால் கதவு திறக்கும், எனக்குத் தெரியும். கொக்கியின் கழுத்தில் ஓர் எண் அடித்திருப்பார்கள். அதையும் எழுதி அனுப்பு. எந்தப் படுபாவி செய்து அனுப்பினான் என்று கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிப்போம்.

அத்தானைத் தைரியமாக இருக்கச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் எனக்குப் பத்து ஆள் பலம். சின்னவளுக்கு நெஞ்சில் தைலம் தேய்க்கச் சொல்.

ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, அடுப்பு வேலை முடிஞ்சுதா? இந்தப் பக்கம் வந்துட்டீங்க?"

"முடிஞ்சுது. எது எந்தச் சூட்டுல கெடும்னு அடுப்புக்கிட்ட நிக்கிறவளுக்குத்தான் தெரியும். கொக்கியை எடுங்க."

"மேனேஜர் பார்த்தா என் வேலை போயிடும்மா."

"அஞ்சு பேர்ல நீங்களும் ஒருத்தர். குட்டை அலறினதை நீங்க கேட்டீங்களா இல்லையா?"

எழுந்து போய் எடுத்து வந்தார். சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். நூல் வைத்து வாயை அளந்தேன். வாங்கிய அன்று ஸ்டோர் நோட்டில் எழுதிய அளவும் அதுவும் ஒன்று. ஒரு நூலிழை விரியவில்லை. உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நீ சொன்ன சர்க்கரையேதான். கழுத்தில் எண் 3817. அதற்கு மேல் சின்ன வட்டத்துக்குள் ஒரு முக்கோணம்.

வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குட்டை படுத்தபடியே பேசுகிறான். "அக்கா, இனிமே நிஜமாவே நான் குட்டைதான். பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றான். நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வந்தது அழுகை இல்லை, கோபம். இன்னும் போகவில்லை.

எண் கிடைத்துவிட்டது. யாருடைய சட்டை என்று சொல். பிடிக்க நான் தயார்.

அக்கா


பிப்ரவரி 27

தம்பிக்கு,

இருபத்துமூன்று நாள் ஆகிறது. தபால் தொலைந்திருக்கும் என்று ஒரு வாரம் நினைத்தேன். சின்னவளுக்கு உடம்பு கூடிவிட்டதோ என்று ஒரு வாரம் பயந்தேன். நேற்று உன் மனைவிக்குப் போன் செய்தேன். "எல்லாரும் நல்லா இருக்கோம் அண்ணி, அவர்தான் ஒரு மாதிரி இருக்கார்" என்றாள். நல்லாயிருந்தால் சரி.

நீ எழுதாததால் நானே தேடினேன். கல்லூரி நாலு வருஷமும் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாயே, அந்தப் புத்தகங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. நீ கண்ணை மூடி ஒப்பிப்பாய், நான் பக்கத்தைப் பார்த்துத் தப்பைப் பிடிப்பேன். பாதி எனக்குப் புரியாமலே மனப்பாடம் ஆனது. இப்போது அந்தப் பாதியும் புரிகிறது.

நிக்கலும் குரோமியமும் கலந்த எஃகு. கடைசியாக அறுநூற்றுச் சொச்சம் டிகிரிச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தியதும், அதை உடனே எண்ணெய்த் தொட்டியில் இறக்க வேண்டும். உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் ஐந்நூற்றைம்பதுக்கும் நானூறுக்கும் நடுவில் நெடுநேரம் கிடக்கும். எஃகில் துளித்துளியாகக் கலந்திருக்கும் பாஸ்பரஸ் அந்த நேரத்தில் நகர்ந்துபோய் எஃகுக்குள் நெருங்கி ஒட்டியிருக்கும் பொடி மணிகளின் எல்லையில் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு அங்கேதான் ஆற்றல் குறைவு, அங்கேதான் சுகம். அதிகச் சூட்டில் ஓரிடத்தில் நிற்காது. ஆறிய பிறகு நகர முடியாது. நடுவில் நேரம் கொடுத்தால் மட்டும் ஒதுங்கும். செங்கல் எல்லாம் கெட்டியாக இருந்து நடுவிலுள்ள சாந்து மட்டும் உளுத்துப்போன சுவர் மாதிரி. அழுத்திப் பார்க்கிற சோதனையில் கெட்டி என்றே எண் காட்டும். குளிர்ந்த காலையில் ஒரு பாரம் விழுந்தால் எல்லையோடு எல்லையாகப் பிளக்கும். பிளந்த முகம் மினுமினுக்கும்.

சரியாகச் சொன்னேனா? தப்பிருந்தால் திருத்து. முன்பு நான் உன்னைத் திருத்தவில்லையா?

எண் 3817 யாருடையது? அத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிடுகிறார். எழுது.

அக்கா


மார்ச் 9

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். வேலைப் பளு காரணமாகப் பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும்.

ஒரு பொருள் உடைவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். புத்தகத்தில் ஒரு பக்கத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. நீங்கள் நுண்நோக்கியில் பார்க்கவில்லை. வெறுங்கண்ணால் பார்த்ததை விசாரணையில் யாரும் ஏற்க மாட்டார்கள். உங்களைத்தான் கேலி செய்வார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அத்தான் 'கொஞ்சம் வேகமாகத் தூக்கியிருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், சிறிய தண்டனையோடு போய்விடும். கேஸ் வராது. பெரியவர்கள் நடுவில் இப்படித்தான் முடிப்பார்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் மெல்ல ஆறட்டும். எல்லாம் கடவுள் சித்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஜனவரியில் 'நீ'. பிப்ரவரியில் ஒன்றுமில்லை. மார்ச்சில் மதிப்பிற்குரிய. உன் மதிப்பைக் கொண்டுபோய் மேனேஜருக்குக் கொடு. அவனும் இதே வரியைத்தான் எழுதிக் கேட்டான், 'கொஞ்சம் வேகமாக'. இரண்டு பேரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினீர்களா?

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "உன் தம்பியே சொல்றான்னா நான்தான் வேகமாத் தூக்கிட்டேனோ?" என்கிறார். இரண்டு நாளாகக் கையை நீட்டி மடக்கி, அன்று லீவரை எப்படித் தள்ளினோம் என்று தள்ளிப் பார்க்கிறார். பதினோரு வருஷம் தப்பாத கையை ஒரு கடிதத்தில் சந்தேகப்பட வைத்துவிட்டாய்.

கோபம் மெல்ல ஆறட்டும் என்கிறாய். மெல்ல ஆறவிட்ட கொக்கி என்ன ஆனது என்று நான் பார்த்துவிட்டு வந்தேன். கடவுளை உன் உலைப்பக்கம் கூப்பிடாதே. நான் தினமும் அவரோடு பேசுகிறவள். உலைக் கதவை மூடி ஆறவிட்டுப் போனது அவர் இல்லை.

எண்ணைக் கேட்டவன் நீ. கொடுத்தேன். அந்த எண்ணைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. வட்டத்துக்குள் இருக்கும் முக்கோணத்தைப் பற்றியும் இல்லை. கொக்கியோடு ஒரு சோதனைச் சான்றிதழ் வந்திருக்குமாம். ஸ்டோர்க்காரர் தேடுகிறார். அது கிடைக்கும் முன் நீயாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்.

குழந்தைகள் நலம்தானே?

அக்கா


மார்ச் 23

சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. நீ நலமாக இருக்கக் கூடாது என்று இப்போதைக்கு நினைக்கிறேன். நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன், உன்னிடம் அல்ல.

ஸ்டோர்க்காரர் இரண்டு சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று 3817. இன்னொன்று அதற்கு ஒரு மாதம் முந்தி வந்த 3790. கெட்டித்தன்மை இரண்டிலும் வேறு வேறு எண். பக்கத்தில், நொறுங்குமா தாங்குமா என்று துண்டை அடித்து உடைக்கிற சோதனை, மூன்று துண்டு, மூன்று எண். 3790இல் அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து. 3817இல் அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து. வரிசைகூட மாறவில்லை. ஸ்டோர்க்காரர், "ரெண்டும் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது. அதுதான் சந்தேகம். பதினோரு வருஷம் எண் எழுதியவள் நான். உண்மையான எண்கள் இப்படிச் சொல்லி வைத்தது போல மறுபடி வராது. பார்த்து எழுதினால்தான் வரும்.

தாளின் தலையில் வட்டத்துக்குள் முக்கோணம். கீழே சோதனைக்கூடப் பொறுப்பாளர் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி அதன் மேல் இரண்டு புள்ளி வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

சட்டையைப் பிடிப்போம் என்று எழுதினாயே. பிடித்துவிட்டேன். உள்ளே நீ இருக்கிறாய்.

என்ன நடந்தது? ஒரு வரி விடாமல் எழுது. இந்த முறை மதிப்பு வேண்டாம்.


ஏப்ரல் 2

அக்கா,

ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று எண்ணெய்த் தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்திருந்தார்கள். உலையில் கொக்கிகள் சூடேறி முடிந்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. உலைக்காரர் வந்து, "சார், தொட்டில சொட்டு எண்ணெய் இல்லை. கதவை மூடி உள்ளயே விட்டுடட்டுமா?" என்று கேட்டார். முப்பது வருஷமாகச் சாதாரண எஃகுதான் அந்த உலையில் வந்தது. அதை எப்படி ஆறவிட்டாலும் ஒன்றும் ஆகாது. சாதா எஃகுக்கு மெல்ல ஆறுவதுதான் நல்லது என்றுகூடச் சொல்வார்கள். இது புது எஃகு என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் கெட்டித்தன்மை சரியாக வந்தது. அடித்து உடைக்கிற இயந்திரம் ரிப்பேரில் இருந்தது. லாரி வாசலில் நின்றது. முதலாளி, "போன தடவை வந்ததைப் போடுப்பா, அதே கொக்கிதானே" என்றார். போட்டேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் எண்ணைப் பார்த்ததும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ சொன்ன காரணத்தில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பார்க்கப்போனால் இது தீராத குறையும் இல்லை. மறுபடி அறுநூற்றுக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் இறக்கினால் பாஸ்பரஸ் கலைந்து எஃகு பழையபடி ஆகிவிடும்.

ஒரு நல்ல செய்தி. முதலாளி உங்கள் மேனேஜரோடு பேசிவிட்டார். விசாரணை நடக்காது. 'யார் மீதும் குற்றமில்லை' என்று முடித்து அத்தானை வேலைக்குக் கூப்பிடுவார்கள். குட்டைக்கும் ஏதோ செய்வார்களாம். நீ கேட்டது இதுதானே? பெரியவளுக்கு இந்த வருஷம் பரீட்சை. என் வேலை போனால் தெருவில் நிற்போம். என் கடிதங்களையும் சான்றிதழையும் எரித்துவிடு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

பெரியவள் பரீட்சை நன்றாக எழுதட்டும். அவளுக்காக வேண்டிக்கொண்டேன். அவள் உன்னைத் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை.

நீ சொன்னபடியே சனிக்கிழமை கடிதம் வந்தது. யார் மீதும் குற்றமில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரவும். மூன்று மாதத்துக்குப் பிறகு அத்தான் தட்டில் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "போதும், விட்டுடு. அவன் நம்ம வீட்டுல வளர்ந்த பிள்ளை" என்றார். நானும் ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். உண்மையாகவே விட்டுவிட்டேன்.

பிறகு நோட்டில் அன்றைய தேதியைப் போட உட்கார்ந்தபோது சான்றிதழ் கண்ணில் பட்டது. மூன்று எண்ணுக்கு மேலே இன்னொரு வரி இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் சரியாக வாசிக்கவில்லை. எண் 3817, ஒரே உலையில் வைத்த கொக்கிகள் இருபத்துநான்கு.

உடைந்தது ஒன்று.

உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். தொட்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, முதலாளி இருக்கிறார், உன் பாத்ரூம்கூட இருக்கிறது. மீதி இருபத்துமூன்று மட்டும் இல்லை. மறந்துவிட்டாய் என்று சொல்லாதே. மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும் என்று எழுதத் தெரிந்தவனுக்கு, எதைச் சூடாக்க வேண்டும் என்றும் தெரியும். தீராத வியாதி என்றால்கூட உன்னை மன்னித்திருப்பேன். ஒரு பொழுது வேலை. திரும்ப வரவழைத்து, உலையில் வைத்து, எண்ணெயில் இறக்கினால் முடிந்தது. அதைச் செய்யாமல் அத்தனையையும் ஆட்கள் தலைக்கு மேல் தொங்கவிட்டு, என்னை எதையோ எரிக்கச் சொல்கிறாய்.

ஒன்று இங்கேயே இருந்தது. எங்கள் பட்டறையில் இரண்டாம் கிரேனில், கழுத்தில் அதே 3817. திங்கட்கிழமை அத்தானை அந்தக் கிரேனுக்குத்தான் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே இந்த இருபத்துநான்கு கணக்கை அவருக்குச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போனதும் கொக்கியைக் கழற்றி, தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேஜை மேல் வைத்திருக்கிறார்.

"என்னய்யா இது?"

"இதுல தூக்க மாட்டேன் சார்."

"அப்ப வீட்டுக்குப் போ."

"போறேன் சார். இதை யாரும் மாட்டக் கூடாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஸ்டோர்க்காரர் வந்துதான் சொன்னார். ஃபிட்டர் சகோதரர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம், கொக்கி மாற்றும் வரை கிரேனுக்கு அடியில் போக மாட்டோம் என்று. சனிக்கிழமை வந்த வேலை திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கை கழுவினார். "இன்னிக்கு எதையும் தூக்கலை, அப்படியே எழுது" என்றார். எழுதினேன்.

உன் கடிதங்களை எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன். நீ கேட்டபோது பெற்ற தாய் மாதிரி மனசு இளகியது. அது வேறு, இது வேறு. இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போகிறேன். சான்றிதழ், உன் கடிதம், என் நோட்டு எல்லாவற்றோடும். குட்டை ஊன்றுகோலோடு வருகிறேன் என்கிறான். அதற்கு முன் நீயாகவே போய்ச் சொன்னால் நான் உன் பக்கத்தில் நின்று, இவன் என் தம்பி என்று சொல்வேன். நீ போகாவிட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்போது அது எப்படிக் காதில் விழும் என்று யோசித்துக்கொள்.

ஆனால் தொங்குகிற கொக்கிக்கு இருபத்தைந்தாம் தேதி என்றெல்லாம் தெரியாது. இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. லாரி எங்கே போனது, யார் வாங்கினார்கள், எந்தெந்தப் பட்டறை, எந்தெந்த ஊர், உங்கள் அனுப்புகைப் பதிவேட்டில் இருக்கும். ஒன்று விடாமல் விலாசத்தோடு எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் நானே கடிதம் எழுதிக்கொள்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா